799 டொலர் கார்டும் ஊர்ப் பயணமும்: ஆண்டுக் கட்டணம் யாருக்குக் கட்டும்?

இலங்கைக்கு, ஊருக்குப் போக ரிக்கற் பார்க்கத் தொடங்கும்போதுதான் பலருக்கும் இந்த யோசனை வரும்: லவுஞ்ச் (விமான நிலையத்தின் தனிக் காத்திருப்பு அறை), காப்புறுதி, புள்ளிகள் எல்லாம் தருகிறதாமே, அந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) பிளாட்டினம் கார்டை எடுத்தால் என்ன? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடும்பமாகப் போய், நான்கு ஐந்து கிழமை சொந்தக்காரர் வீட்டில் நின்று வருகிறவர்களுக்கு, புதிதாக எடுப்பவருக்குத் தரும் வரவேற்புப் புள்ளிகளால் முதல் வருடம் அது இலாபமாக முடியலாம். இரண்டாம் வருடத்திலிருந்து பெரும்பாலும் கைக்காசுதான் கரையும். வேலை நிமித்தம் மாதத்துக்கு இரண்டு தடவை பறந்து, ஹோட்டலில் தங்கி, மூன்றாம் நாள் வீடு திரும்புகிறவரை மனதில் வைத்துத்தான் இந்தக் கார்டுகளின் சலுகைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பயணத்தின் கணக்கே வேறு.

கட்டணங்களை முதலில் பார்த்துவிடுவோம். 2025 இறுதி நிலவரப்படி அமெக்ஸ் பிளாட்டினத்துக்குக் கனடாவில் 799 டொலர், பிரித்தானியாவில் 650 பவுண், ஜெர்மனியில் 720 யூரோ. அமெரிக்காவில் 695 ஆக இருந்ததை 2025 செப்டெம்பரில் 895 ஆக்கினார்கள். அமெரிக்காவில் சேஸ் வங்கி தரும் சபையர் ரிசேர்வ் கார்டும் அதே வருடம் 550 இலிருந்து 795 ஆனது. ஆனால் அது கடனட்டை. அமெக்ஸ் பிளாட்டினம் அடிப்படையில் சார்ஜ் கார்ட், அதாவது மாதக் கணக்கை முழுதாகக் கட்டி முடிக்க வேண்டிய அட்டை. முன்கூட்டிச் சொன்ன செலவு வரம்பு அதற்குக் கிடையாது. அதற்காக வரம்பே இல்லை என்று எடுத்துவிடக் கூடாது: புதிதாக எடுத்த கார்டில் நான்கு பேருக்கான ரிக்கற்றை ஒரேயடியாகப் போட்டால் மறுக்கப்படலாம். அந்தத் தொகை போகுமா என்று செயலியிலேயே முன்கூட்டிச் சரிபார்க்க வழி இருக்கிறது.

ஒரு கணக்கு

கனடாவிலிருந்து கணவனும் மனைவியும் போகிறார்கள் என்று வைப்போம். கட்டணம் 799. வருடத்துக்கு 200 டொலர் பயணச் சலுகை உண்டு. ஆனால் அமெக்ஸின் சொந்தப் பயணத் தளத்தில், 200 டொலரோ அதற்கு மேலோ வரும் ஒரே பதிவில்தான் அதைக் கழிக்கலாம். எப்படியும் ரிக்கற் வாங்கத்தான் போகிறீர்கள், ஆகவே இதை முழுப்பெறுமதியாகவே எடுக்கலாம். மிச்சம் 599. இன்னொரு 200 டொலர் உணவகச் சலுகை இருக்கிறது. அது பட்டியலில் உள்ள உயர்தர உணவகங்களில் மட்டுமே செல்லும். அந்தக் கடைகளுக்கு நீங்கள் வழமையாகப் போகிறவர் இல்லையென்றால் அதன் பெறுமதி பூச்சியம். 200 டொலர் கழிப்பதற்காக 260 டொலருக்குச் சாப்பிடுவது சேமிப்பு ஆகாது.

லவுஞ்ச்: போகும்போது ரொறன்ரோவிலும் இடைத்தங்கலிலும், வரும்போது கட்டுநாயக்கவிலும் இடைத்தங்கலிலும் என நான்கு தடவை, இரண்டு பேர், எட்டு நுழைவு. லவுஞ்ச் இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும் என்ன கொடுத்திருப்பீர்களோ அதுதான் உண்மைப் பெறுமதி. ஆளுக்கு 25 டொலர் என்று தாராளமாகவே போட்டால் 200. மிச்சம் 399. ரிக்கற் 4,000 டொலர். பயணச் செலவுக்கு டொலருக்கு 2 புள்ளி, ஆக 8,000 புள்ளி. புள்ளி ஒன்றரைச் சதம் பெறும் என்றால் 120 டொலர். மிச்சம் 279.

இனி மறுபக்கம். கனடா பிளாட்டினத்தை வெளிநாட்டு நாணயத்தில் தேய்த்தால் 2.5 வீதம் கூடப் பிடிப்பார்கள், பிரித்தானியாவில் 2.99 வீதம். இலங்கையில் 4,000 டொலருக்கு அந்தக் கார்டைப் பாவித்தால் இன்னொரு 100 டொலர் போய்விடும். ஆக, வரவேற்புப் புள்ளிகளையும் இலங்கைச் செலவுக்கு வரும் புள்ளிகளையும் சேர்க்காமல் பார்த்தால், அந்த வருடம் சுமார் 379 டொலர் உங்கள் கையை விட்டுப் போகிறது. பயணம் போகாத வருடத்தில் நட்டம் இன்னும் கூட.

பக்கத்தில் கனடாவின் ஸ்கோஷியா வங்கி தரும், 150 டொலர் கட்டணமுள்ள 'பாஸ்போர்ட் விசா' என்ற கடனட்டையை வையுங்கள். வெளிநாட்டு நாணயக் கட்டணம் இல்லை, வருடத்துக்கு ஆறு லவுஞ்ச் நுழைவு உண்டு. அந்த ஆறையும் அதே 25 டொலராகப் போட்டாலே கட்டணம் சரி. ஊர்ப் பயணத்துக்கு இந்த மாதிரிக் கார்ட்தான் பொருத்தம் என்பது எங்கள் முடிவு.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு நாணயக் கட்டணம் பிரச்சினை இல்லை. அங்குள்ள பிளாட்டினம் அதைப் பிடிப்பதில்லை. ஆனால் 895 டொலரை ஈடுகட்டும் என்று காட்டும் சலுகைகளைக் கவனமாகப் பாருங்கள். 200 டொலர் விமானச் சில்லறைச் செலவுச் சலுகைக்கு அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். எமிரேட்ஸிலோ கட்டாரிலோ கூடுதல் பெட்டிக்குக் கொடுத்த காசு அதில் வராது. ஊபர் காசு மாதாமாதம் 15 டொலராகப் பிரித்துத் தரப்படுவது, அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும். கொழும்பில் ஊபர் ஓடினாலும் அங்கே அது உதவாது.

காப்புறுதி: அதிகம் பேர் ஏமாறும் இடம்

கனடா பிளாட்டினத்தின் அவசர மருத்துவக் காப்புறுதி 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, பயணத்தின் முதல் 15 நாட்களுக்கு மட்டும். நல்லூர்த் திருவிழாவே 25 நாள். ஐந்து கிழமைப் பயணத்தில் பதினாறாம் நாளிலிருந்து நீங்கள் காப்புறுதி இல்லாமல் நிற்கிறீர்கள். 65 வயதாகிவிட்டவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. மிச்ச நாட்களுக்கு மேலதிகக் காப்புறுதி வாங்கலாம், ஆனால் புறப்படுவதற்கு முன்பே வாங்க வேண்டும். வேறு நிறுவனத்திடம் வாங்குவதாக இருந்தால் கார்டின் காப்புறுதியோடு சேர்த்து நீட்ட இரு தரப்பும் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பல குடும்பங்களுக்கு முழுப் பயணத்துக்கும் தனியாக ஒரே காப்புறுதி எடுப்பதே தலையிடி இல்லாத வழி. அப்படி எடுத்தால் கார்டின் மருத்துவக் காப்புறுதிக்கு உங்கள் கணக்கில் பெறுமதி கிடையாது.

அமெரிக்கக் கார்டுகளில் மருத்துவச் செலவுக் காப்புறுதி மிகச் சொற்பம். சேஸ் சபையர் ரிசேர்வ் தருவது 2,500 டொலர் வரை. நோயாளியை விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவுக்கு மட்டும் 100,000 டொலர் வரை.

ஏற்கெனவே உள்ள வருத்தங்கள் பற்றிய பகுதியை வாசிக்காமல் விடாதீர்கள். குறித்த காலத்துக்குள் நிலைமை மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரஷர் மாத்திரை, சீனி வருத்த மாத்திரையின் அளவை வைத்தியர் கூட்டினாலும் குறைத்தாலும் பல ஒப்பந்தங்களில் அது மாற்றமாகவே கணிக்கப்படும். பயணத்துக்கு முந்திய மாதம் வழமையான பரிசோதனைக்குப் போய், மாத்திரை மாற்றிக்கொண்டு விமானம் ஏறுவது மிகச் சாதாரணமாக நடப்பது. கோரிக்கை மறுக்கப்படும்போதுதான் அது தெரியவரும்.

பயண ரத்து, தாமதம், பெட்டி தொலைதல் ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் முழுக் கட்டணமும் அந்தக் கார்டிலேயே போயிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் கனபேர் தமிழ்ப் பயண முகவரிடம்தான் ரிக்கற் வாங்குகிறார்கள். கையில் காசாகத் தந்தால் ஒரு விலை, கார்டில் போட்டால் இரண்டு மூன்று வீதம் கூட. காசாகக் கொடுத்து 80 டொலர் மிச்சம் பிடித்தால் கார்டின் பயணக் காப்புறுதி முழுவதும் போய்விடும். முற்பணத்தைக் காசாகவும் மிச்சத்தைக் கார்டிலும் கட்டுவதும் ஆபத்துத்தான். கார்டில் போடுவதானால் அறிக்கையில் யாருடைய பெயர் வரும், முகவரா விமான நிறுவனமா என்றும் கேளுங்கள்: அமெரிக்க பிளாட்டினத்தில் ஐந்து மடங்கு புள்ளி விமான நிறுவனத்திடம் நேரடியாகவோ அமெக்ஸ் பயணத் தளத்திலோ வாங்கினால்தான்.

நகை பற்றி ஒரு சொல். கல்யாணத்துக்கோ சாமத்தியவீட்டுக்கோ கொண்டுபோகும் நகைகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். பெட்டிக் காப்புறுதியில் நகைக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், அல்லது அடியோடு விலக்கப்பட்டிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை வந்தால் சிகிச்சைக்கு முன்னரே காப்புறுதி நிறுவனத்தை அழைக்க வேண்டும். முடியாத அவசரமென்றால் முடிந்தவுடனே. தனியார் ஆஸ்பத்திரிகள் முற்பணம் கேட்கும், பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வாங்கி வையுங்கள். கார்டின் பின்னால் உள்ள 1-800 இலக்கம் இலங்கை சிம்மிலிருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. வெளிநாட்டிலிருந்து அழைக்க வேறு இலக்கம் இருக்கும். அதைத் தாளில் எழுதி, கூட வருபவரிடமும் ஒன்று கொடுங்கள்.

இலங்கையில் கார்ட் எவ்வளவு தூரம் செல்லும்

இலங்கையில் அமெக்ஸை நடத்துவது நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கி. கொழும்பில் பெரிய ஹோட்டல்கள், பெரிய கடைகளில் செல்லும். வடக்குக் கிழக்கில் கார்ட் எடுக்கும் இடங்களில் விசாவும் மாஸ்டர்கார்டும்தான் நிச்சயம். அமெக்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வான், ஓட்டோ, சந்தை, கோயில், மண்டபம், சமையல்காரர் எல்லாம் காசுதான். சில நகைக்கடைகளும் புடைவைக்கடைகளும் கார்ட் என்றால் இரண்டு மூன்று வீதம் கூட்டுவார்கள், அதோடு 2.5 வீத நாணயக் கட்டணமும் சேர்ந்தால் புள்ளியில் வருவதைவிட மிகக் கூடுதலாகப் போய்விடும். இயந்திரம் ரூபாயிலா உங்கள் நாட்டுக் காசிலா என்று கேட்டால் எப்போதும் ரூபாயைத் தெரிவுசெய்யுங்கள். கடைக்காரர் உங்களுக்கு உதவுவதாக நினைத்து டொலரை அழுத்திவிடுவார். பற்றுச்சீட்டில் டொலர் இருந்தால் அந்த இடத்திலேயே ரத்துச் செய்யச் சொல்லுங்கள். ஏ.ரி.எம்.மில் எடுக்க வங்கி டெபிட் கார்டையே பாவியுங்கள்.

ஹோட்டல் அந்தஸ்தால் ஊர்ப் பயணத்தில் கிடைக்கும் பயன் சிறிது. பிளாட்டினத்தோடு வரும், ஹில்டன் ஹோட்டல்களின் கோல்ட் உறுப்பினர் அந்தஸ்து, கொழும்பு ஹில்டனில் காலைச் சாப்பாடு தரும். இரவில் இறங்கி விடிய யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு நல்லதுதான். யாழ்ப்பாணத்தில் அதற்கு வேலை இல்லை, மாமி வீட்டில் அந்தஸ்துக் கார்ட் காட்டத் தேவையும் இல்லை.

சென்னை ஊடாகப் பலாலிக்குப் போகிறவர்கள்: 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியில் கார்ட் காட்டி நுழையும் லவுஞ்சை எதிர்பார்க்க வேண்டாம். சென்னை வரைக்கும் ஒரு ரிக்கற், அங்கிருந்து அலையன்ஸ் ஏர் அல்லது இண்டிகோவில் வேறொரு ரிக்கற் என்றால் பெட்டியைச் சென்னையில் எடுத்துத் திரும்பப் போட வேண்டி வரும். அதற்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. இரண்டு ரிக்கற்றும் ஒரே கார்டில் இருந்தால் மட்டுமே தாமதக் காப்புறுதியிடம் கேட்கவாவது இடமிருக்கும். நடுவில் ஒரு இரவு விட்டுப் பதிவுசெய்வது எல்லாக் காப்புறுதியையும்விட மேல்.

புள்ளிகளுக்காக எடுப்பதென்றால்

கார்ட் கட்டும் ஒரே வழி வரவேற்புப் புள்ளிகள். கனடாவில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் 10,000 டொலர் அளவில் செலவழிக்கச் சொல்வார்கள். ரிக்கற் வாங்கும் மாதத்துக்குச் சற்று முன்பு விண்ணப்பித்தால் அந்தச் செலவு தானாகவே சேரும். நிபந்தனையை எட்ட வேண்டுமென்று தேவையில்லாத சாமான் வாங்கத் தொடங்கினால் விடுங்கள். முன்பு அதே கார்ட் வைத்திருந்தவருக்குப் புள்ளி கிடைக்காமல் போகலாம் என்பதையும் பாருங்கள்.

கனடா அமெக்ஸ் புள்ளிகளை எயர் கனடாவின் புள்ளித் திட்டமான ஏரோபிளானுக்கும், பிரிட்டிஷ் எயர்வேஸின் புள்ளிகளான ஏவியோஸுக்கும் ஒன்றுக்கொன்றாக மாற்றலாம். ஏவியோஸைக் கட்டார் எயர்வேஸ் கணக்குக்கு நகர்த்தலாம். கட்டார் கொழும்புக்குப் பறக்கிறது. ஸ்ரீலங்கனும் 2014 இலிருந்து, பிரிட்டிஷ் எயர்வேஸும் கட்டாரும் உள்ள ஒன்வேர்ல்ட் விமானக் கூட்டணியில் இருக்கிறது. மாற்றிய புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே முதலில் ஆசனத்தைக் கண்டுபிடித்து, அதே மணித்தியாலத்தில் மாற்றுங்கள். ஜூலை, ஓகஸ்ட், மார்கழி விடுமுறைகளில் நான்கு பேருக்குப் புள்ளி ஆசனம் கிடைப்பது அரிது. ஏறத்தாழ பதினொரு மாதம் முன்பே, ஆசனங்கள் திறக்கும்போதே பார்க்க வேண்டும். இரண்டு பேர் புள்ளியில், இரண்டு பேர் காசில் என்று பிரிப்பதானால் ஒரே விமானமா என்று விமான இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

லவுஞ்சை நம்பிப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் விருந்தினர் எண்ணிக்கையை வாசியுங்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிளாட்டினத்தோடு வரும் பிரயோரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் நுழைவு அட்டை, வைத்திருப்பவரோடு ஒருவரை விடும். அமெரிக்காவில் இரண்டு பேரை. ஐந்து பேர் வாசலில் நின்றால் மிச்சப் பேருக்குக் காசு. மேலதிக கார்ட் எடுத்தால் பெரும்பாலும் அதற்கும் தனிக் கட்டணம். அமெரிக்காவில் ஒன்றுக்கு 195 டொலர். பிரித்தானியாவில் ஒரு மேலதிக பிளாட்டினம் கட்டணத்துக்குள்ளேயே வரும், ஆகவே இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் போகலாம். பிளாட்டினம் கார்ட் வந்தவுடன் பிரயோரிட்டி பாஸ் தானாக வேலை செய்யாது, தனியாகப் பதிய வேண்டும். பயணத்துக்கு மூன்று கிழமை முன்பாவது செய்யுங்கள்.

புறப்படும் முன் மூன்று வேலை. மாதக் கணக்கின் கடைசித் திகதி பயணத்துக்குள் விழும், ஆகவே வங்கிக் கணக்கிலிருந்து முழுத்தொகை தானாகக் கழியும்படி போடுங்கள். இணையத்தில் வாங்கும்போது உறுதிப்படுத்தும் குறியீடு உங்கள் நாட்டுத் தொலைபேசிக்குத்தான் வரும்; டயலொக் சிம் போட்டுவிட்டு பழைய சிம்மைக் கழற்றினால் மாட்டிக்கொள்வீர்கள், மின்னஞ்சலுக்கோ செயலிக்கோ மாற்றிவையுங்கள். அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்னர் அழைத்து, தொடர்ந்து வைத்திருக்க ஏதாவது தருகிறார்களா என்று கேளுங்கள். தரவில்லையென்றால் புள்ளிகளை முதலில் ஏரோபிளானுக்கோ ஏவியோஸுக்கோ மாற்றிவிட்டுத்தான் கார்டை மூட வேண்டும், மூடிய பிறகு அவை அழிந்துபோகும்.