கம்பி கட்டும் முன் முன்பல் வேரைப் பாருங்கள்

கம்பி சிகிச்சையில் அதிகம் கரைவது மேல் வெட்டுப்பற்களின் வேர் நுனிதான். ஓபிஜி படத்தை (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். முன்பற்கள் இருக்கும் இடத்தில் அது மங்கும், நீளத்தையும் திரித்துக் காட்டும். மேல், கீழ் வெட்டுப்பற்கள் எட்டுக்கும் ஃபிலிம் ஹோல்டர் வைத்து, ஃபிலிம் பல்லுக்கு இணையாக நிற்கும் இணைகோட்டு முறையில் ஐஓபிஏ (வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு எக்ஸ்ரே) எடுங்கள்.

அந்தப் படத்தில் வேரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஊசியாகக் கூம்பியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, மொட்டையா, பிப்பெட் (ஆய்வகச் சொட்டுக் குழாய்) மாதிரி திடீரென ஒடுங்கியிருக்கிறதா? இந்த நான்கும் எச்சரிக்கைதான். நான் மிகவும் பயப்படுவது பிப்பெட் வடிவத்துக்கு. விசை அதேதான், தாங்கும் பரப்பு சிறுத்தால் அழுத்தம் ஏறுகிறது. வேரைச் சுற்றியுள்ள சவ்வில் ரத்த ஓட்டம் நின்று திசு சாகிறது. செத்த திசுவை அப்புறப்படுத்த வரும் செல்கள் வேரின் மேலுறையான சிமென்டத்தையும் சேர்த்து அரிக்கின்றன. விசை நின்றால் பக்கவாட்டுக் குழிகளில் புது சிமென்டம் படியும். நுனி போனால் போனதுதான், திரும்ப வளராது.

முன்பு பல்லில் அடிபட்டதா, நகம் கடிக்கும் பழக்கம் உண்டா, கம்பி போட்ட அண்ணன், அக்காவுக்கு வேர் குறைந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேர் குறையலாம் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

விசையை டான்ட்ரிக்ஸ் கேஜ் என்ற விசைமானியில் அளந்து கொடுங்கள். பல்லைச் சாய்க்க 35–60 கிராம், வேரோடு முழுதாக நகர்த்த 70–120 கிராம். எலும்புக்குள் அமுக்கும்போது பல்லுக்கு 10–20 கிராமே போதும், ஏனென்றால் அங்கே விசை முழுக்க நுனியில் இறங்குகிறது. டார்க் (வேரைத் திருப்பும் விசை) கொடுக்கையில் நுனி அண்ணத்துப் பக்கக் கெட்டி எலும்பில் மோதினாலும் வேகமாகக் கரையும். பல்லை முன்னே தள்ளிவிட்டு மறுபடி பின்னே இழுக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

ஆறாம் மாதம் அதே கோணத்தில் மறுபடி ஐஓபிஏ எடுங்கள். வேர் கரைந்த அளவை நிலைகளாகப் பிரிக்க ஆய்வாளர்கள் லெவாண்டரும் மால்ம்கிரெனும் 1988-இல் தந்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும்: ஓரம் சொரசொரப்பானால் 1, 2 மி.மீ.க்குள் குறைந்தால் 2, 2 மி.மீ. முதல் வேரின் மூன்றில் ஒரு பங்கு வரை போனால் 3, அதற்கும் மேல் 4. ஒன்றாம் நிலையென்றால் விசையைக் குறைத்து, மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள். குறைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் 2–3 மாதம் விசையே இல்லாத கம்பியில் ஓய்வு கொடுங்கள். நிலை 4 என்றால் திட்டத்தைச் சுருக்கி, சிகிச்சையைச் சீக்கிரம் முடிப்பதுதான் நியாயம்.

கம்பியைக் கழற்றியதும் கரைவது நிற்கும். ஆனால் 9 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக மிஞ்சிய வேர் உள்ள பல் ஆட வாய்ப்பு உண்டு. அதற்கு ரிடெய்னர் (பல் நகராமல் பிடித்துவைக்கும் கம்பி) ஒட்டும்போது கம்பி இழுவையின்றிப் பல்லோடு படிகிறதா என்று பாருங்கள். இழுத்துப் பிடித்து ஒட்டினால் விசை மறுபடி தொடங்கிவிடும்.