பின்னாடி ஒட்டின எழுத்த நம்பி காசு குடுக்காதீங்க: கார் வேரியண்ட் கோடு படிக்கிறது எப்படி

போன மாசம் கோபில இருந்து எங்க மாமா போன் பண்ணாரு. "மாப்ள, ஒரு ஸ்விஃப்ட் பாத்து வெச்சிருக்கறனுங்க, இசட்டிஐயாமா, 2013 மாடல், டிஎன் 36 நம்பரு, டாப் எண்டுங்கறாங்க, பொழுதோட வந்து ஒருக்கா பாத்துட்டு போயிருங்க"ன்னாரு. நமக்கு வேற சோலி இல்லாத நாளு, சரின்னு கெளம்பி போனேன். வண்டி சிவப்பு, நல்லா பாலீஷ் போட்டு நிறுத்தியிருந்தாங்க, அலாய் வீல் பளபளன்னு இருக்குது, பின்னாடி டிக்கில இசட்டிஐன்னு பேட்ஜ். ஆனா பின் கண்ணாடில வைப்பர காணோம். அங்கயே எனக்கு ஒரு சின்ன டவுட்டு. குனிஞ்சு பேட்ஜ சாய்வா வெயில்ல பாத்தா, வெளுத்துப் போன சிவப்புக்கு நடுவுல பேட்ஜுக்கு கீழ ஒரு நூல் அளவுக்கு புதுச் சிவப்பு தெரியுது, அதுவும் கூர்மையா, வி எழுத்தோட அடி முனை மாதிரியே. பழைய விடிஐ பேட்ஜ (இசட்டிஐக்கு ஒரு படி கீழ) பேத்துட்டு அது மேல இசட்டிஐ ஒட்டிருக்காங்க, ஒரு நூல் மேல ஏறிப் போச்சு, அவ்ளோதான்.

உள்ள ஏறி பாத்தா ஏசிக்கு திருகற குமிழு, இசட்டிஐல ஆட்டோ ஏசி டிஸ்ப்ளே இருக்கணும். டேஷ்போர்டுல பக்கத்து சீட்டு பக்கம் ஏர்பேக்னு எழுத்தே இல்ல. ஆர்சிய வாங்கி பாத்தா மாடல் இடத்துல தெளிவா ஸ்விஃப்ட் விடிஐன்னே இருக்குது. பழைய வண்டி வாங்கி விக்கற கன்சல்டிங்காரரு "ஏனுங்ணா, நாங்க வாங்கும்போதே அப்படித்தானுங்ணா இருந்துச்சு"ன்னுட்டாரு. அந்த ஒத்த எழுத்துக்கு 40,000 சேத்து சொல்லியிருந்தாரு.

அதுல இருந்து ஒறம்பரைல யாரு வண்டி வாங்கினாலும் எனக்கு போன் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிப் போட்டுடலாம்னு தான்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. இந்த எழுத்துக்கெல்லாம் பொதுவான அகராதி கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வெச்சது. அல்டோல எல்எக்ஸ்னா கீழ் படிக்கட்டு, தார்ல எல்எக்ஸ்னா லைஃப்ஸ்டைல் பக்கம், ஏஎக்ஸ்ங்கற அட்வெஞ்சர் பக்கத்தவிட சவுகரியம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்காரரு வண்டிலயும் எல்எக்ஸ் நம்ம வண்டிலயும் எல்எக்ஸ்னு ரெண்டையும் ஒண்ணா வெச்சு பேசக்கூடாது.

மாருதில இருந்து ஆரம்பிக்கலாம், நம்மூர்ல பாதி வண்டி அதுதானே. எல், வி, இசட், இது மூணும் படிக்கட்டு, எல் அடி, வி நடு, இசட் மேல, அதுக்கு மேல பிளஸ். நடுவுல எக்ஸ் வந்தா பெட்ரோல், டி வந்தா டீசல், அதாவது எல்எக்ஸ்ஐ பெட்ரோலு எல்டிஐ டீசலு. ஐன்னா இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் போயி எம்பிஎஃப்ஐங்கற இன்ஜெக்ஷன் முறை வந்த காலத்துல பெருமையா ஒட்டினது. அப்பறம் எல்லா வண்டியும் இன்ஜெக்ஷன் ஆயிப்போச்சு, ஆனா எழுத்து மட்டும் ஒட்டிக்கிச்சு. அல்டோ 800ல பாத்தீங்கன்னா எல்எக்ஸும் இன்ஜெக்ஷன் தான் எல்எக்ஸ்ஐயும் இன்ஜெக்ஷன் தான், எல்எக்ஸ்ல ஏசி மட்டும், எல்எக்ஸ்ஐல பவர் ஸ்டீயரிங்கும் முன்னாடி பவர் விண்டோவும் சேத்து. ஆக ஐங்கற எழுத்துக்கு அங்க அர்த்தம் பவர் ஸ்டீயரிங்னு ஆயிருச்சு. எங்க அப்புச்சி எல்எக்ஸ் வாங்கிட்டு வந்து ஸ்டீயரிங்க திருப்பி திருப்பி தோள்பட்டை போச்சுன்னு இன்னும் திட்டுவாரு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததோட மாருதி டீசலயே நிறுத்திட்டாங்க, அதனால விடிஐ இசட்டிஐன்னு பாக்கற எல்லாமே அதுக்கு முந்தின வண்டி தான். ஏஜிஎஸ்னு இருந்தா கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோ கியர்.

அதே மாருதில ஃபெண்டர்லயோ டிக்கிலயோ டிடிஐஎஸ் 190, டிடிஐஎஸ் 200ன்னு ஒரு நம்பர் பாத்திருப்பீங்க. நெறைய பேரு அத குதிரை சக்தின்னு நெனச்சுக்கறாங்க, இல்லீங்க, அது டார்க், அதாவது இன்ஜினோட முறுக்கு விசை, நியூட்டன் மீட்டர் கணக்கு. ஸ்விஃப்ட்ல 190, சியாஸ் எர்டிகால 200, 2015ல வந்த எஸ்-கிராஸ்ல 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 320. இதுல ஒரு கூத்து என்னன்னா அந்த ஸ்விஃப்ட் டீசல் 1248 சிசி இன்ஜின் ஃபியட்டோடது, ஃபியட் வண்டில மல்டிஜெட்னு ஒட்டுவாங்க, டாடா விஸ்டால குவாட்ராஜெட்னு ஒட்டுவாங்க, மாருதில டிடிஐஎஸ். பொண்ணு ஒண்ணு, ஊருக்கு ஒரு பேரு. அதனால "மாருதி டீசல் இன்ஜின் தான் மைலேஜு, மத்ததெல்லாம் சும்மா"ன்னு டீக்கடைல யாராச்சும் பேசினா சிரிச்சுட்டு வந்துருங்க.

இப்ப நெம்ப பேரு கோட்டை விடற இடம், பேருக்கு பின்னாடி பிராக்கெட்டுக்குள்ள வர்ற ஓ. ஓன்னா ஆப்ஷனல். பாக்கறதுக்கு எதோ கழிச்சது மாதிரி இருக்கும், ஆனா அது சேத்தது. எல்எக்ஸ்ஐன்னு ஒரு வண்டி, எல்எக்ஸ்ஐ ஓன்னு ஒரு வண்டி, பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா வெளிய ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய சின்ன மாருதில அந்த ஓ பெரும்பாலும் ஏர்பேக் தான். அந்த காலத்துல ஏர்பேக்கு கட்டாயம் இல்ல, காசு கட்டினா தான் வரும். பிரேக் அடிச்சா சக்கரம் இறுகிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் எல்லா காருக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரல்ல, டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலைல, பக்கத்து சீட்டு ஏர்பேக் ஏற்கனவே ஓடிட்டிருந்த மாடலுக்கெல்லாம் 2021 கடைசில தான். அதனால 2019க்கு முந்தின செகண்ட் ஹேண்ட் பாக்கறீங்கன்னா, ரெண்டு வண்டி ஒரே விலைல நின்னா ஓ இருக்கறத எடுங்க, சீட் கவரும் ஆண்ட்ராய்டு செட்டும் நாளைக்கு மாட்டிக்கலாம், ஏர்பேக்க அப்பறமா மாட்ட முடியாது. அந்த ஓ பேட்ஜுல வராது, அதான் பிரச்சனை, இன்சூரன்ஸ் பேப்பர்லயும் பில்லுலயும் தான் பாக்கணும், இல்லீன்னா ஸ்டீயரிங் நடு மூடில எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு அச்சு இருக்குதான்னு தடவி பாருங்க. ஆனா ஹூண்டாய்ல ஓன்னா கத வேற, கிரெட்டால எஸ்எக்ஸ் ஓன்னா பல வருஷம் அது தான் உச்சியா இருந்துச்சு, அங்க ஓ பாதுகாப்புக்குன்னு மட்டும் இல்லீங்க, எல்லா சொகுசும் சேந்தது.

ஹூண்டாயில சின்ன வண்டிக்கு எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டான்னு பேரு, பெரிய வண்டிக்கு ஈ, ஈஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ். கியா செல்டோஸ்ல ஹெச்டிஈ, ஹெச்டிகே, ஹெச்டிஎக்ஸ்னு ஏறும், ஜிடின்னு ஆரம்பிச்சா அது ஸ்போர்ட்டி பக்கம். பழைய ரெனோல ஆர்எக்ஸ்ஈ, ஆர்எக்ஸ்எல், ஆர்எக்ஸ்டி, ஆர்எக்ஸ்இசட். டாடால எக்ஸ்ஈ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட், கடைசில ஏ வந்தா ஆட்டோ கியர், பிராக்கெட்டுல எஸ் வந்தா சன்ரூஃப். இப்படி பாத்துட்டே வந்தா ஒண்ணு புடிபடும், ஈல முடிஞ்சா பெரும்பாலும் அடி, இசட்ல முடிஞ்சா பெரும்பாலும் உச்சி. பெரும்பாலும்னு தான் சொல்றேன், ஏன்னா ஸ்கார்பியோ என்ல அடி வண்டிக்கே இசட்2ன்னு பேரு, அங்க இசட்ட பாக்காதீங்க, பக்கத்துல இருக்கற நம்பர பாருங்க.

மஹிந்திரா ஒருத்தரு தான் நம்மள கொஞ்சம் மதிச்சவங்கன்னு சொல்வேன். பொலேரோன்னா பி4, பி6. ஸ்கார்பியோன்னா எஸ்2ல இருந்து எஸ்11 வரைக்கும். டியூவின்னா டி4, டி6, டி8, கேயூவின்னா கே2ல இருந்து கே8. முன் எழுத்து வண்டிப் பேருல இருந்து, நம்பர் ஏற ஏற விலை ஏறும், சந்தைல மாட்டுக்கு பல்லு எண்ற மாதிரி சுலபம். எக்ஸ்யூவிக்கு மட்டும் டபிள்யூ4, டபிள்யூ6ன்னு போகும். அப்பறம் 2021ல எக்ஸ்யூவி 700 வந்தப்ப எம்எக்ஸ், ஏஎக்ஸ்3, ஏஎக்ஸ்5, ஏஎக்ஸ்7, அதுக்கு மேல எல்னு சொகுசு பேக், கொஞ்சம் சிக்கலாக்கிட்டாங்க. டாடாவும் 2023ல புது நெக்ஸான்ல எழுத்தெல்லாம் தூக்கிட்டு ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ்னு வார்த்தைக்கு மாறிட்டாங்க. அழகா தான் இருக்குது, ஆனா பியூரு பெருசா கிரியேட்டிவ் பெருசான்னு கேட்டா எங்க மாமா மாதிரி ஆளுக்கு எப்படிங்க தெரியும்.

இன்னொரு குழி, வருஷம். ஹோண்டா சிட்டில 2014ல விஎக்ஸ் தான் உச்சி, 2017ல இசட்எக்ஸ்னு ஒண்ணு மேல வந்து உக்காந்துச்சு. அதனால 2015 விஎக்ஸ் வெச்சிருக்கறவரு "நம்முது டாப் எண்டு"ன்னு சொன்னா அது நெசம், 2018 விஎக்ஸ்காரரு சொன்னா பொய். எழுத்தோட வருஷத்தையும் சேத்து கேக்கணும், அந்த வருஷத்து பழைய பிரோஷர நெட்ல தேடி எடுத்து போன்ல வெச்சுக்கிட்டு வண்டி பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா டிக் அடிங்க, கூச்சப்படாதீங்க. பாக்க வேண்டியது பின் வைப்பரு, பின் கண்ணாடில பனி போக்கற டீஃபாகர் கம்பி, ஏசி குமிழா டிஸ்ப்ளேயா, பின் கதவுல பவர் விண்டோவா சுத்தற கைப்புடியா, ஏர்பேக் அச்சு. அலாய் வீலு, ஃபாக் லேம்ப், டச் ஸ்கிரீன் இந்த மூணையும் கணக்குலயே எடுக்காதீங்க, காசு இருந்தா ஒரே நாள்ல வெளிய மாட்டிட்டு வந்துடலாம்.

பேப்பர்ல எங்க பாக்கறது? ஆர்சில மாடல்ங்கற இடத்துல வேரியண்டோட தான் பெரும்பாலும் இருக்கும். இன்சூரன்ஸ்ல மேக், மாடல், வேரியண்ட்னு தனியா இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஏன்னா ஐடிவிங்கற வண்டி மதிப்பு அந்த வேரியண்ட்டோட விலைல இருந்து தான் கழிச்சு போடறாங்க, முதல் 6 மாசத்துக்கு 5 சதவீதம், 1 வருஷம் வரைக்கும் 15, அப்படியே ஏறி 4ல இருந்து 5 வருஷத்துக்கு 50. வேரியண்ட் தப்பா ஏறியிருந்தா அடில இருந்தே கணக்கு தப்பு.

அடுத்தது சேசிஸ் நம்பரு. 17 எழுத்து, அதுல ஐ, ஓ, க்யூ மூணும் வராது, 1, 0வோட கொழம்பிக்கும்னு. முதல் மூணு எழுத்து கம்பெனி, எம்ஏ3ன்னா மாருதி, எம்ஏஎல்னா ஹூண்டாய், எம்ஏடின்னா (MAT) டாடா, எம்ஏ1ன்னா மஹிந்திரா. நெறைய கம்பெனில 10வது எழுத்து வருஷம், ஏ (A) 2010, பி (B) 2011, இப்படியே போயி ஹெச் 2017, ஐ கெடையாதில்ல அதனால ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, ஓவும் கெடையாது அதனால பி (P) 2023, ஆர் 2024. எல்லா கம்பெனியும் அதே எடத்துல போடறதில்ல, அதனால ஆர்சில இருக்கற தயாரிப்பு மாசம் வருஷத்தோட ஒத்து பாத்துக்கங்க. டிசம்பர்ல பண்ணின வண்டிய ஜனவரில பதிவு பண்ணி ஒரு வயசு கொறச்சு சொல்றது நம்ம ஊர்ல சாதாரணம்.

பெயிண்டுக்கும் கோடு உண்டு, இது வாங்கினதுக்கு அப்பறம் உதவும். மாருதி வெள்ளை சுப்பீரியர் வைட்டுக்கு 26யூ, சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ். பம்பர் ஒரசிட்டு பெயிண்ட் கடைக்கு போனீங்கன்னா "வெள்ளைங்ணா"ன்னு சொல்லாம கோட சொல்லுங்க, வெள்ளைல பத்து வெள்ளை இருக்குது.

வெளிநாட்டு கம்பெனிங்க இதுல இன்னும் கெட்டி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடால டிக்கி ஸ்டெப்னி குழிக்குள்ள பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல மூணு மூணு எழுத்தா வரிசையா எழுதியிருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஷன், எந்த பிரேக், எந்த சீட்டு, எல்லாமே. பேட்ஜ மாத்தலாம் அந்த ஸ்டிக்கர மாத்த யாருக்கும் தோணாது, அதனால அந்த வண்டி பாக்க போனா மொதல்ல ஸ்டெப்னிய தூக்குங்க. அமெரிக்கால செவர்லேல இந்த மாதிரி ஆர்டர் ஃபார்ம் கோடு ஒண்ணு, இசட்28ன்னு, 1967ல கமாரோவுக்கு ரேஸ் பேக்கேஜா வந்தது, ஆபீஸ் பேப்பர்ல இருந்த நம்பரே கடைசில வண்டிக்கு பேரா ஆயிப்போச்சு.

புது வண்டி புக் பண்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, கொட்டேஷன்ல முழு வேரியண்ட்டு பேரு, ஓ இருந்தா ஓ, பிளஸ் இருந்தா பிளஸ், கியரு, கலர் எல்லாம் எழுதி வாங்குங்க. "டாப் எண்டுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் நாங்களே மாட்டி குடுத்துடறமுங்ணா"ன்னு சொன்னா அது அக்சசரீஸ் பேக், கம்பெனி வேரியண்ட் இல்ல, விக்கறப்ப அதுக்கு அஞ்சு பைசா தேறாது.

மாமா கதைய பாதில விட்டுட்டேன். ஆர்சிய காட்டி பேசி அந்த 40,000த்தையும் கொறச்சு, டயரு ரெண்டு தேஞ்சிருந்ததுக்கு இன்னொரு 5,000 கழிச்சு, விடிஐ விலைக்கே எடுத்துட்டாரு, வண்டி நல்ல வண்டி தான். பேட்ஜ பேத்துருங்க மாமான்னேன். "போச்சாது உடுங்க மாப்ள, நோம்பிக்கு ஊருக்கு போனா மச்சாங்காரன் பாக்கோணுமில்ல"ங்கறாரு.