மாலையைக் கழற்றிய மறுநாள்: தினசரிப் பழக்கங்களில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன், வருஷா வருஷம் கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். அன்றைக்கே பீடி நின்றுவிடும். விடியும் முன்பே பச்சைத் தண்ணீரில் குளியல், செருப்பில்லாத நடை, சாயங்காலம் மறுபடி குளியல், சரணம். 41 நாளில் ஒரு நாள்கூடப் பிசகாது. மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், பெட்டிக்கடை வாசலில் அதே பீடியோடு நிற்பார். கேட்டால், "அதான் விரதம் முடிஞ்சிடுச்சே தம்பி" என்பார்.

அவர் சொல்வது நியாயம்தான். அவர் இருந்தது விரதம். அதற்கு ஆரம்பமும் உண்டு, முடிவும் உண்டு. சிக்கல் நம்முடையது. தினமும் நடப்பேன், படிப்பேன், செலவுக் கணக்கு எழுதுவேன் என்று கிளம்பும் நாம், பழக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு விரதம்தான் இருக்கிறோம்.

இதில் முதல் தவறு நாள் கணக்கு. '21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வராத வாரமே இல்லை. இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று கவனித்து, 1960-ல் எழுதினார். கண்ணாடியில் தெரியும் மூக்குக்குப் பழகுவதைப் பற்றிய பேச்சு அது. கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோய், எண் மட்டும் மிஞ்சிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு பழக்கம், 84 நாள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம், இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அந்த 84 நாள் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஒருவருக்கு 18 நாள் வந்தது, இன்னொருவருக்கு 254. நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்கு அதிக நாள் தேவைப்பட்டது. ஆக, 22-ஆம் நாள் காலையில் போர்வையை விட்டு எழ முடியாமல் கிடப்பவர் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கே தப்பு.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு இல்லை. நமக்கு இது எளிதில் மனசில் ஏறாது. விரதத்தில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்றே வளர்ந்திருக்கிறோம். நான் முதல் தடவை நடைப்பயிற்சியை விட்டதும் இப்படித்தான். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் வெளியே போக முடியவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. ஆனால் மனசு, "சரி, இனிமேல் தை பிறக்கட்டும், புதுசாக ஆரம்பிக்கலாம்" என்றது. அந்தத் தையும் போய், வாங்கிய ஷூ செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் பல்லிக்கு வீடானது.

தை, சித்திரை, ஜனவரி ஒன்று, வருகிற திங்கள்கிழமை. நல்ல நாள் பார்த்துத் தொடங்குவது தவறு என்று சொல்ல மாட்டேன், அது ஓர் உந்துதல். அந்த உந்துதலில் ஐந்தாறு பழக்கங்களை ஒரே மூச்சில் தொடங்குகிறோமே, அதுதான் தவறு. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வரிசையில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப் வைராக்கியம்' என்று ஒன்றை இப்போது சேர்த்துக்கொள்ளலாம். ரிப்போர்ட் கைக்கு வந்த வாரம் சர்க்கரை இல்லாத காபி, சிறுதானியம், யோகா, நடை எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வரும். ஒன்றாகவே வெளியேயும் போகும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இஸ்திரி அண்ணனால் 41 நாள் பீடி இல்லாமல் எப்படி இருக்க முடிந்தது? மன உறுதி என்போம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு தெரியும். உடம்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் மணி. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் 'சாமி' என்கிறார்கள். கூட்டாளிகள் பீடியை நீட்டுவதில்லை. வீட்டில் தனிச் சமையல். நாள் முழுக்க யாராவது ஒருவர் அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். மார்கழியும் இப்படித்தான். கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது, தெருவே கோலம் போடுகிறது, தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் காத்திருக்கிறது. தை பிறந்ததும் ஒலிபெருக்கி ஓய்கிறது, நாமும் ஏழு மணி வரை தூங்குகிறோம். சுற்றி இருந்தவை செய்த வேலைக்கு நம் மன உறுதிக்குப் பாராட்டு. அவை விலகியதும் அதே மன உறுதிக்குத் திட்டு.

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பது அதனால்தான் உருப்படுவதில்லை. அந்த வேலை எதோடும் கட்டப்படாமல் மிதக்கிறது. டாக்டர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் எழுதித் தருவார்கள். சாப்பாடு மறக்காது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மாத்திரையும் வந்துவிடும். நம் பழக்கத்துக்கும் அப்படி ஒரு கொக்கி வேண்டும். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியமே கொக்கி.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், பகலில் ஜவுளிக்கடையில் வேலை. நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் 'தினமும் 6 மணி நேரம்' என்று டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். டைம்டேபிள் போட்ட அலுப்பிலேயே முதல் நாள் போய்விடுகிறது. அதற்குப் பதில், மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் பத்து கேள்வி என்று வைத்துக்கொண்டால்? அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதி. பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகத்தை ஒட்டியவை. பத்து கேள்வி மட்டும் தேர்ச்சிக்குப் போதாதுதான். ஆனால் உட்காரும் பழக்கம் அதில் வந்துவிடும். உட்கார்ந்தவர் பல நாள் பத்தோடு எழுந்திருக்க மாட்டார்.

காலை ஐந்து மணி மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால் வெற்றி என்று பேசுகிறவர்கள், எத்தனை மணிக்குப் படுப்பது என்று பேசுவதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பன்னிரண்டு வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐந்துக்கு அலாரம் வைப்பது பழக்கம் இல்லை, உடம்பிடம் கடன் வாங்குவது. இன்னொன்று, ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யும் ஐயா எழுந்ததும் காபி போட்டுத் தருவது யார்? டிபன் பாக்ஸ் கட்டுவதற்காக நாலரைக்கே எழுந்திருக்கும் அந்த அம்மாவின் தினசரி ஒழுங்கை யாரும் வெற்றி ரகசியம் என்று எழுதுவதில்லை.

ஸ்டேட்டஸில் அறிவிப்பது, முதல் வாரமே டிரெட்மில் வாங்கிப் பின்பு துணி காயப்போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

என் நடை பிறகு எப்படிப் படிந்தது என்றால், பாலால். காலையில் காபிக்குப் பால் வாங்கியே ஆக வேண்டும். பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆவின் பூத்தில் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். மழையானாலும் குடை பிடித்துப் போனேன், காபி வேண்டுமே! இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் வீடு மாறினோம். புது வீட்டில் வாசலுக்கே பால் பாக்கெட் வந்தது. ஒரே வாரத்தில் நடை நின்றுவிட்டது.

போன வாரம்தான் பால்காரத் தம்பியிடம் இனிமேல் போட வேண்டாம் என்று சொன்னேன். பாலில் ஏதாவது குறையா சார் என்று கேட்டான்.