வீடு வாங்கிய பின் தெரியவரும் மறைப்புகள்: செய்ய வேண்டியவை

குடிபுகுந்த முதல் மழையிலேயே புது பெயின்ட் உப்பி உதிர்ந்து, அடியில் பழைய கசிவின் கறை தெரிந்தால், மேஸ்திரியை அழைப்பதற்கு முன் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பூசிவிட்டால் சாட்சியமும் அதோடு போய்விடும்.

சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டறிய முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. சொல்லாமல் விடுவதை மோசடியாகவே கருதுகிறது. அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிப்பதுதான் கடினம். முன்பு கசிவை அடைத்த கொத்தனார், பழைய வாடகைதாரர், தரகருடனான வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவை இதற்கு உதவும். கண்ணெதிரே தெரிந்த விரிசலுக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது.

குறை பத்திரத்தில் இருக்குமானால் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். பதிவாகாத வாய்மொழிப் பாகப்பிரிவினை அதில் வராது.

அடுத்து, கட்டுமானப் பொறியாளரிடம் எழுத்துமூல அறிக்கையும் செலவு மதிப்பீடும் பெற்று, வழக்கறிஞர் வழியாகப் பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கிரயத்தையே ரத்து செய்யக் கோருவதா, இழப்பீடு கேட்பதா என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்வது நல்லது. குடியிருந்துகொண்டே போராடுபவருக்கு இழப்பீடே ஒத்துவரும் என்பது என் எண்ணம். மோசடியின் அடிப்படையில் கிரயத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, அது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே காலவரம்பு.

பில்டரிடம் நேரடியாக வாங்கியவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் துணைநிற்கும்: வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை, பில்டர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்.