சோலார் பாதை லைட்டு வாங்கலாமா? நம்ம திருநவேலி வெயிலுக்கு எது தாங்கும்

மொதல்ல ஒரு விஷயத்த தெளிவா சொல்லிருதேன், கரண்ட் பில்லு குறையும்னு நெனச்சு இத வாங்காதீங்க. பாதைக்கு 5 வாட்ஸ் எல்இடி பல்பு நாலு போட்டு விடிய விடிய 12 மணி நேரம் எரிய விட்டாலும் ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட் கூட வராது, நமக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீயாவே இருக்கு. அப்புறம் எதுக்கு வாங்கணும்னா, வயர் இழுக்க முடியாத எடத்துக்கு. வீட்டுல இருந்து தள்ளி இருக்க தொழுவம், கிணத்தடி, தோட்டத்து கேட்டு, இங்கெல்லாம் மண்ண தோண்டி பைப்பு பதிச்சு லைன் கொண்டு போற செலவுக்கும் மழைல ஷாக் அடிச்சிருமோன்னு இருக்க பயத்துக்கும் இது நல்ல மாத்து.

எங்க வீடு அம்பாசமுத்திரம் பக்கம். பொறவாசல்ல இருந்து தொழுவுக்கு ஒரு முப்பது அடி பாதை, எங்க ஆச்சி ராத்திரி மாட்டுக்கு வைக்கோல் போடணும்னு டார்ச் எடுக்காமலே போயிருவாங்க, கட்டுவிரியன் நடமாட்டம் உள்ள எடம், எனக்கு ஒவ்வொரு நாளும் பதறும். அதுக்காக சித்திரைல எட்டு லைட்டு உள்ள செட்டு ஒண்ணு வாங்கி பாதை ரெண்டு பக்கமும் நட்டேன். மொத நாளு ஆச்சி பாத்துட்டு கார்த்திகைக்கு வெளக்கு வச்ச மாதிரி இருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க. ஐப்பசி மழைல ராத்திரி ஒம்பது மணிக்கே மங்க ஆரம்பிச்சது, அடுத்த சித்திரை வரும்போது எட்டுல அஞ்சு எரியல.

தூக்கி போட மனசு வரல, திருப்புளி எடுத்து ஒண்ண கழட்டி பாத்தேன். உள்ள ஒரே ஒரு சின்ன பேட்டரி, 1.2 வோல்ட், 300 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு கரண்ட்ட சேத்து வைக்கும்ங்கிற அளவு). அந்த ஸ்பிரிங்கு மேல வெள்ளையும் பச்சையுமா பூத்து போயிருந்தது. அப்பத்தான் இந்த லைட்டோட கணக்கே எனக்கு புரிஞ்சது. பெரிய 600 எம்ஏஎச் பேட்டரியே இருந்தாலும் அதுல ஃபுல்லா இருக்க கரண்ட்ட வச்சு ஒரு 9 வாட்ஸ் பல்ப எரிச்சா அஞ்சு நிமிஷம் கூட தாங்காது. அதைத்தான் இந்த லைட்டு ராத்திரி பூரா துளித்துளியா எரிக்குது. அதனால பாதை எங்க போகுதுன்னு ஓரத்த காட்டும், தரையில என்ன கெடக்குன்னு காட்டாது. பாம்பு பூச்சிக்கு பயந்து வாங்குறவங்க இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, கையில டார்ச் கண்டிப்பா வேணும். எங்க வீட்டுல தொழுவு வாசல்ல மட்டும் ஆள் வந்தா எரியுற சென்சார் லைட்டு ஒண்ணு எட்டடி ஒசரத்துல தனியா மாட்டினேன், அதுல 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, வெளிச்சம் தரைல நல்லா விழுது. நம்ம ஒடம்பு சூட்ட வச்சுத்தான் அது ஆள் வந்தத கண்டுபிடிக்கும், அதனால கத்திரி வெயில் நாள்ல ராத்திரியும் புழுக்கமா இருந்தா கொஞ்சம் கிட்ட போனாத்தான் எரியும், கெட்டு போச்சுன்னு நெனச்சிராதீங்க. மாடு அசைஞ்சாலும் எரியும்.

சரி, கடையில என்ன பாக்கணும்? பேட்டரிய கழட்டி மாத்த முடியுதான்னு அண்ணாச்சிகிட்ட கேட்டு தொறந்து காட்டச் சொல்லுங்க. ஒட்டி சீல் வச்சிருந்தா அத விட்டுருங்க, ஏன்னா இதுல மொதல்ல போறது பேட்டரிதான், கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள்ள நம்ம ஊரு மே மாச வெயில்ல கெடந்து வேகும்ல. அடுத்தது வெயில கரண்ட்டா மாத்துற பேனல், மேல கண்ணாடி போட்டதா பாருங்க, பசை மாதிரி ஊத்தி ஒறைய வச்சது நாளாவ மஞ்சளிச்சு போகும், அப்புறம் வெயிலு உள்ள எறங்காது. அட்டைல ஐபின்னு ஒரு நம்பர் இருக்கும், தூசி தண்ணி எவ்வளவு தாங்கும்ங்கிற அளவு அது, ஐபி 65ன்னு இருந்தா மழைக்கு தாங்கும், ஐபி 44 சாரலுக்கு சரி. 100 வாட்ஸ் 200 வாட்ஸ்னு போட்டிருக்கத நம்பாதீங்க, உள்ளங்கை அளவு பேனலுக்கு அது நடக்காத காரியம். பேனல கையால மூடி பாருங்க, ஒடனே எரியணும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்விட்ச ஆன் பண்ணி வெயில்ல வைங்க. நிறைய மாடல்ல ஆஃப்ல இருந்தா சார்ஜே ஏறாது, இது தெரியாம லைட்டு சரியில்லன்னு திருப்பி குடுத்தவங்கள நானே பாத்திருக்கேன். ரெண்டு நாள் முழு வெயில் குடுத்துட்டு அப்புறம் பாருங்க. வேப்ப மரம், தென்னை நிழல் படாத எடமா காலைலயும் மத்தியானமும் ரெண்டு தடவ நின்னு பாத்து நடுங்க. நமக்கு சூரியன் அநேகமா உச்சிக்கே வரும், சித்திரை ஒட்டி மத்தியானத்துல நிழலே காலடில விழும், அதனால மேல பாத்து படுத்திருக்க பேனலே போதும், தனி பேனல் இருக்க மாடல்னா தெக்க பாத்து லேசா சாய்ச்சா சரி. தெரு லைட்டு வெளிச்சம் பேனல்ல விழுந்தா அது இன்னும் பகல்னு நெனச்சு எரியவே எரியாது, அந்த எடத்த விட்டு தள்ளி நடணும்.

தொடைக்கிறத விட்டுராதீங்க. ஆனி ஆடி காத்துல புழுதி அப்பிரும், திசையன்வெளை பக்கம் செவப்பு தேரி மண்ணுன்னா கேக்கவே வேண்டாம். வாரம் ஒருக்கா ஈரத்துணி போதும், ஆனா போர் தண்ணி வேண்டாம், உப்பு பூத்து வெள்ள வெள்ளையா நிக்கும். செடிக்கு ஹோஸ்ல அடிக்கும்போதும் பேனல்ல படாம அடிங்க.

அந்த அஞ்சு லைட்ட எப்படி சரி பண்ணேன்னா, ஸ்பிரிங்க எலுமிச்சம்பழச் சாறு தொட்டு தொடச்சு, காய விட்டு, உப்புத்தாள் வச்சு பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சேன், அதே சைஸ் 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் பேட்டரி 600 எம்ஏஎச்ல வாங்கி போட்டேன். நாலு எரிஞ்சது, ஒண்ணுல உள்ள வயரே அரிச்சு போச்சு. டிவி ரிமோட்டுக்கு போடுற சாதா பேட்டரிய மட்டும் இதுல போட்டுராதீங்க, சார்ஜ் ஏறி ஏறி ஒழுகிரும். லித்தியம் மாடல்னா பழைய பேட்டரில 3.2 வோல்ட்னு இருக்கா 3.7ன்னு இருக்கான்னு பாத்து அதையேதான் போடணும், மாத்தி போட்டா ஆபத்து.

வருஷா வருஷம் புரட்டாசி கடைசில, மழை எறங்குறதுக்கு முன்னாடி, எல்லா மூடியையும் ஒருக்கா தொறந்து ரப்பர் வாஷர் விட்டுருக்கான்னு பாத்து சிலிக்கோன் பசை தடவிருங்க, தண்ணி தேங்குற எடத்துல நட்டிருந்தா மழை விடுற வரைக்கும் பிடுங்கி தார்சாவுல (திண்ணைல) வச்சிருங்க.