நீளம் குறைந்துகொண்டே போன வயர்

என் வயர் வெட்டும் மெஷினில் 100 மி.மீ. என்று செட் செய்தால் முதல் சில துண்டுகள் சரியாக வரும். அப்புறம் 98, 97 என்று இறங்கும். பிளேடை மாற்றினேன், பயனில்லை. பிளேடு மழுங்கினால் முனைதான் பிசிறடிக்கும்.

கோளாறு, வயரைப் பிளேடுக்குத் தள்ளும் ஃபீட் ரோலரில் இருந்தது. ரோலர் எவ்வளவு சுழன்றது என்பதை வைத்தே என் மெஷின் நீளத்தைக் கணக்கிடுகிறது. வயர் வழுக்கினால் அதற்குத் தெரியாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்தால், ரோலர் பற்களில் வயர் மேலுறையின் வெள்ளைத் தூள் அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பாதிதான் சரியானது.

மீதிக் காரணம் வயர் சுருள். அது இறுக்கமாகச் சுழன்று வயரைப் பின்னால் இழுத்தது. ரோலர் அழுத்தத்தைக் கூட்டலாம்தான், ஆனால் இதே மெஷினில் மெல்லிய டியூப் ஓட்டும்போது அது நசுங்கிவிடும். அதனால் சுருளின் பிரேக்கைத் தளர்த்தி, மெஷினுக்கு முன்னால் வயர் தொய்வாகத் தொங்கும்படி விட்டேன். அடுத்து வெட்டிய 50 துண்டுகளும் ஒரே நீளம்.