படிக்கிணறு அஞ்சல்தலைகள்: ஆல்பக் குறிப்புகளில் நுழையும் பிழைகள்

இந்திய அஞ்சல் துறை 2017 டிசம்பர் 29 அன்று படிக்கிணறுகளைப் போற்றி 16 அஞ்சல்தலைகளை வெளியிட்டது. பலர் ஆசையோடு சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு இது. அவற்றின் கீழே எழுதப்படும் குறிப்புகளில்தான் பிழைகள் மலிந்து கிடக்கின்றன.

என்னை மிகவும் வருத்துவது குஜராத்தின் பதான் நகரிலுள்ள ராணி கி வாவ் ('ராணியின் படிக்கிணறு') பற்றிய பிழை. பெயரைப் பார்த்ததுமே 'அரசன் தன் ராணிக்காகக் கட்டியது' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. 11ஆம் நூற்றாண்டில், சோலங்கி அரசன் முதலாம் பீமதேவனின் நினைவாக அவன் மனைவி உதயமதி எழுப்பியது அது. கணவனை இழந்த ஒருத்தி ஊருக்கே தண்ணீர் தரும் நினைவுச்சின்னத்தை எழுப்பியிருக்கிறாள்! அந்தப் பெருமையை ஒரு வரியில் அவளிடமிருந்து பறிக்கலாமா? சரஸ்வதி ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் நெடுங்காலம் புதைந்து கிடந்ததால் சிற்பங்கள் சிதையாமல் பிழைத்தன. ஆண்டுகளையும் குழப்ப வேண்டாம்: யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2014, அஞ்சல்தலை வந்தது 2017, நூறு ரூபாய்த் தாளில் அதன் படம் வந்தது 2018.

ராஜஸ்தானின் அபாநேரியிலுள்ள சாந்த் பாவ்ரிக்கு '3,500 படிகள் இறங்க வேண்டும்' என்று எழுதுவதும் தவறு. மூன்று பக்கச் சுவர்களிலும் உள்ள படிகள் அனைத்தையும் கூட்டினால் வரும் எண் அது. ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர்தான். படிகளை அலங்காரமாகவும் எண்ணிவிடக் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, குடத்தோடு வருபவரும் இறங்கிச் சென்று மொள்ள வேண்டும். அதற்கான வழி அது.

எல்லாம் ஒரே அமைப்பு என்பதும் சரியல்ல. குஜராத்தின் அடாலஜ் வாவ், தூண் மண்டபங்களின் ஊடே இறங்கிக் கிணற்றில் முடிகிறது. அதே மாநிலத்து மோதேராவின் சூரிய குண்டமோ கோயிலுக்கு முன்னுள்ள படிக்குளம்.

டெல்லியின் அக்ரசேன் கி பாவ்லியைப் புராண மன்னர் கட்டினார் என்பது மரபுச் செய்தி. அதை வரலாறாக எழுத வேண்டாம்.

இன்னொன்று: குறிப்பை அஞ்சல்தலையின் பின்புறம் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, இடுக்கியால் எடுத்து வைத்த அஞ்சல்தலைக்குக் கீழே செருகுங்கள்.